தவணை நோட்டு

மதுரை,
ஞாயிறு காலை

அன்பு மாப்ள,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிடாமல் மெனக்கெட்டு இன்லேண்டு லெட்டர் வாங்கி எழுதியிருக்கிறாய், அதற்கு ஒரு கும்பிடு. கையெழுத்து மட்டும் முன்னைவிட மோசம். 'தொழிலதிபர்கள்' என்ற வார்த்தையை வெயிலில் பிடித்துத்தான் படித்தேன்.

ஆக, அகமதாபாத்தில் உங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு உலகை மாற்றிய தொழிலதிபர்களைப் பற்றி அரை மணி நேரம் பேசப்போகிறாய். ஃபோர்டு, எடிசன், ராக்ஃபெல்லர், ஸ்டீவ் ஜாப்ஸ் என்று பட்டியலும் போட்டாயிற்று. என்னிடம் கேட்பது நாலு பாயிண்ட். அந்தப் பட்டியலை அந்தப் பிள்ளைகளே உனக்கு ஒப்பிப்பார்கள் மாப்ள. நான் வேறு ஒன்று எழுதுகிறேன், பிடித்தால் பேசு.

போன வாரம் குன்னத்தூர் சத்திரம் பக்கம் போயிருந்தேன். புதுமண்டபத்துக் கடைகளை எல்லாம் அங்கேதான் மாற்றியிருக்கிறார்கள் என்று முன்பே எழுதினேனே. கல்தூணும் யாளியும் இல்லாமல் அந்தத் தையல்காரர்களைப் பார்க்க இன்னும் பழகவில்லை எனக்கு. திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில், தூணுக்கும் தூணுக்கும் நடுவில், வரிசையாக மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள். அழகர் திருவிழாவுக்குச் சல்லடமும் குல்லாயும் தைக்கும் மாதத்தில் அந்த மண்டபமே தடதடக்கும். இப்போது பாதி மிஷினில் மோட்டார் மாட்டிவிட்டார்கள். சத்தம் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனால் மிஷின் எண்ணெய் வாசம் அப்படியே இருக்கிறது. நீயும் நானும் கோடை லீவில் அங்கே தரையில் உட்கார்ந்து காஜா எடுத்த ஞாபகம் வந்தது. உன் காஜாவில் பித்தான் நுழையாது, என் அப்பா பிரித்து மறுபடி எடுப்பார். உனக்குத் தெரியாமல்தான்.

அங்கே நின்றபோது தோன்றியதுதான் இந்தக் கடிதம். உன் பட்டியலில் ஐசக் சிங்கர் பெயர் ஏன் இல்லை?

தையல் மிஷினைக் கண்டுபிடித்தவர் சிங்கர் என்று பலர் நினைக்கிறார்கள். அவருக்கு முன்னாலேயே எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை வாங்கிவிட்டார். கைத்தையல் ஊசிக்குக் கண் பின்பக்கம் இருக்கும், மிஷின் ஊசிக்குக் கூர்முனையில் இருக்கும், இல்லையா? அந்த முனைக்கண் ஊசியும் பாபின் நூலும் சேர்ந்து தையல் விழும் முறைதான் அவருடைய உரிமைக்கு அடிப்படை. ஆனால் வாங்க ஆளில்லை. பிழைப்புத் தேடி இங்கிலாந்து போய், வெறுங்கையோடு திரும்பி வந்து பார்த்தால் ஆளாளுக்கு மிஷின் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் சிங்கர், நாடக நடிகர். 1851-இல் தன் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். ஹோவ் வழக்குப் போட்டு ஜெயித்தார். அப்புறம் 1856-இல் முக்கியமான கம்பெனிகள் எல்லாம் சண்டையை நிறுத்தி, காப்புரிமைகளை ஒரே குடத்தில் போட்டுப் பங்கிட்டுக்கொண்டன.

மிஷின் நல்ல மிஷின். கையால் ஒரு நல்ல சட்டை தைக்க 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால், மிஷினில் ஒன்றேகால் மணி நேரம். ஆனால் விலை 100 டாலருக்கு மேல். அன்றைய அமெரிக்கக் குடும்பத்துக்கு அது பல மாதச் சம்பளம். தைத்துப் பிழைக்கிறவளால் வாங்க முடியாது, வாங்க முடிகிறவளுக்குத் தைக்க வேண்டிய அவசியம் இல்லை.

அந்த முடிச்சை அவிழ்த்தது சிங்கர்கூட இல்லை, அவருடைய கூட்டாளி எட்வர்டு கிளார்க் என்ற வக்கீல். அதே 1856-இல் அவர் கொண்டுவந்த திட்டம்: ஐந்து டாலர் கட்டு, மிஷினை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ, மிச்சத்தை மாதாமாதம் அதில் தைத்துச் சம்பாதித்துக் கட்டு. ஒரே வருஷத்தில் விற்பனை மூன்று மடங்கு. இன்று உன் பேரன் இஎம்ஐயில் வாங்கியிருக்கும் போன் வரைக்கும் அந்த வக்கீலின் வம்சம்தான். நமக்கு ஹோவையும் கிளார்க்கையும் தெரியாது. மிஷினில் தங்க எழுத்தில் இருந்த பெயர்தான் தெரியும்.

இடையில் ஒரு வேடிக்கை. காந்தி 1924-இல் ஒரு பேட்டியில் இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போது சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அவள் மேல் இருந்த அன்பால் சிங்கர் அதைச் செய்தார் என்று உருகிப்போய்ச் சொன்னார். உண்மையில் சிங்கருக்கு ஒன்றுக்கு மேல் குடும்பம், இருபதுக்கும் மேல் குழந்தைகள். இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. மிஷினை மெச்சிய அந்த மனுஷன், அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1921 செப்டம்பர் 22-இல், நம்ம மேலமாசி வீதியில்தான் தைத்த துணியை விட்டுவிட்டு அரைமுழ வேட்டிக்கு மாறினார். இதைப் பிள்ளைகளிடம் சொல், சிரிப்பார்கள்.

இனிச் சொல்லப்போவதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.

எங்கப்பா மிஷின் வாங்கியதும் தவணையில்தான், உனக்குத் தெரியும். அம்மாவின் இரண்டு வளையல் முன்பணமாகப் போனது. நீல அட்டை போட்ட ஒரு தவணை நோட்டு இருக்கும், மாதாமாதம் வசூல்காரர் வந்து பணத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். ஆடி, ஆவணி இரண்டு மாதமும் வேலை இல்லை, தவணை நின்றுவிட்டது. புரட்டாசிக் கடைசியில், தீபாவளித் துணி வர ஆரம்பிக்கிற நேரம் பார்த்து, வசூல்காரர் ஒரு ஸ்பேனரோடு வந்தார். மிஷினை முழுசாகத் தூக்க அவருக்கு வண்டி இல்லை. அதனால் தலையை மட்டும் கழற்றினார். பெல்ட்டை நழுவவிட்டு, திருகை அவிழ்த்து, கறுப்புத் தலையைச் சாக்குப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஸ்டாண்டும் மிதியும் பலகையும் அப்படியே நின்றன. பலகை நடுவில் பெரிய ஓட்டை. அப்பா அன்று சாயங்காலம் அந்த ஸ்டாண்டு முன்னால் உட்கார்ந்து, தலை இல்லாத மிஷினை மெதுவாக மிதித்துக்கொண்டே இருந்தார். சக்கரம் சுற்றியது. நான் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் தலை திரும்பி வந்ததற்கு உங்கப்பா கொடுத்த 40 ரூபாய்தான் காரணம். இது உனக்குத் தெரியுமோ தெரியாதோ.

அதனால் தவணை என்றால் எனக்கு இரண்டு முகமும் தெரியும். ஆனாலும் அந்த நோட்டு இல்லாவிட்டால் எங்கப்பா கடைசிவரை இன்னொருவர் மிஷினில்தான் மிதித்துக்கொண்டு இருந்திருப்பார். அதனால்தான் எந்தத் தொழிலதிபர் பெயரைக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கையில் காசில்லாதவனிடம் இந்தப் பொருள் போய்ச் சேர இவர் என்ன வழி கண்டார்?

அப்படிப் பார்த்தால் நம்ம ஊரிலேயே ஒருவர் இருக்கிறார், டாக்டர் ஜி. வெங்கடசாமி. அவருடைய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி டிரஸ்ட்தானே, தொழிலதிபர் எப்படி என்று நீ இழுப்பாய். இழு. 1976-இல், 58 வயதில், அரசு வேலையில் ஓய்வு பெற்றபின் 11 படுக்கையோடு ஆரம்பித்தவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவை. அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகித்தான் கண் டாக்டர் ஆனார். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடையைப் பார்த்துவிட்டு, எந்தக் கிளைக்குப் போனாலும் ஒரே தரம், ஒரே வேகம், கட்டுப்படியாகும் விலை, இதைக் கண் ஆபரேஷனில் செய்ய முடியாதா என்று யோசித்தாராம். தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் முடிவதற்குள் அடுத்ததில் ஆளைத் தயார் செய்து வைத்திருப்பார்கள். டாக்டர் திரும்பி உட்கார வேண்டியதுதான். காசு கட்டுகிறவர்கள் தரும் பணத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் சேர்த்து நடக்கிறது. உன் ஃபோர்டு 1913-14-இல் ஒரு காரின் அடிச்சட்டம் பூட்டும் நேரத்தைப் பன்னிரண்டரை மணியிலிருந்து 93 நிமிஷத்துக்குக் கொண்டுவந்தாரே, அதே சங்கதி அண்ணா நகரில் கண்ணுக்கு நடந்தது.

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறு. ஊர் ஊராக முகாம் போட்டு, ஆபரேஷன் இலவசம் என்றார்கள். ஆனாலும் வர வேண்டியவர்களில் பலர் வரவில்லை. விசாரித்தால், மதுரைக்கு வர பஸ் காசு யார் கொடுப்பது, அங்கே சோறு யார் போடுவது என்ற கேள்விதான். சரி என்று பஸ்ஸையும் சோற்றையும் சேர்த்தே கொடுத்தார்கள். எங்க பெரியம்மா அப்படித்தான் போனாள். கம்பங்காட்டு ஓரத்தில் ஏற்றிக்கொண்டு போய், திரும்ப அங்கேயே இறக்கிவிட்டார்கள். அப்போதெல்லாம் ஆபரேஷன் முடிந்தால் சோடாபுட்டிக் கண்ணாடிதான். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது, ஏழைக்கு எட்டாது. 1992-இல் ஆரோலேப் தொடங்கி அதையும் மதுரையிலேயே செய்ய ஆரம்பித்து, வெளிநாட்டு விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். போன மாதம் உன் தங்கச்சிக்கு, அதாவது என் வீட்டுக்காரிக்கு, வலது கண்ணில் வைத்த லென்ஸ் அங்கே செய்ததுதான். இப்போது அரிசியில் கல் இருக்கிறது என்று என்னைத் திட்டுகிறாள். முன்பு தெரியாமல் இருந்தது.

அப்புறம் கடலூர் சின்னிகிருஷ்ணன். ஷாம்பு என்றால் பாட்டில், பாட்டில் என்றால் பணக்காரன் என்று இருந்ததைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தவர். அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயில் தனியாகத் தொடங்கி, பிற்பாடு சிக் ஷாம்பை 50 காசுக்குப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கவிட்டார். ஒரு குளியலுக்கு ஒரு தவணை என்று வைத்துக்கொள். அதன் மறுபக்கம் வேண்டுமென்றால் கிருதுமால் வாய்க்கால் ஓரம் வந்து பார், காலிப் பாக்கெட்டுகள் எப்படிக் கிடக்கின்றன என்று.

வ.உ.சி.யை விட்டுவிடாதே. 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கியபோது பத்து லட்சம் மூலதனம் திரட்ட, பங்கை 25 ரூபாய்க்கு உடைத்து 40,000 பங்காக வைத்தார். சங்கத் தலைவர் பாண்டித்துரைத் தேவர், 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட அதே தேவர். நாம் டியூஷனுக்குச் சைக்கிளில் போன தமிழ்ச் சங்கம் ரோடு ஞாபகம் இருக்கிறதா? காலியா, லாவோ என்று இரண்டு கப்பல். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு போய்க் குடையும் கொடுத்தது. 1908-இல் இவரைப் பிடித்து ஜெயிலில் போட்டு, செக்கு இழுக்க வைத்தார்கள். 1911-இல் கம்பெனி கலைந்தது. நட்டப்பட்டவரை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால், சேர்க்காவிட்டால் நீ மதுரைக்கு வராதே என்று நான் சொன்னதாகச் சொல்.

பஸ் கம்பெனி நடத்திய டி.வி.எஸ். மட்டும் என் கணக்குக்குள் வரமாட்டேன் என்கிறார். அவர் விற்றது நேரம். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று என் தாத்தா சொல்வார். மாட்டு லாட ஆணி குத்தி டயர் பஞ்சர் ஆகக்கூடாது என்று ரோட்டில் காந்தம் கட்டி இழுத்துக்கொண்டு போக வண்டி வைத்திருந்தாராம். ஊரே சொல்லும் கதை, நன்றாகத்தான் இருக்கிறது. போட்டுக்கொள்.

நம் பக்கத்துச் சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கு முட்டி வலி, மாடி ஏறுவதை விட்டுவிட்டேன். தம்பி மகன் தையல்கடையை மூடிவிட்டு அதே இடத்தில் மொபைல் கவர் விற்கிறான். அங்கே இருந்த எங்கப்பா மிஷினை என் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து போட்டுவிட்டான். தோல் பெல்ட் இற்றுப்போயிருந்தது, விளக்குத்தூண் பக்கம் அலைந்து ஒன்று வாங்கி மாட்டினேன். டிராயரைத் திறந்தால் சாக்கட்டி, ஒற்றைப் பித்தான்கள், அடியில் அந்த நீல அட்டை நோட்டு. வசூல்காரரின் கையெழுத்து வரிசையாக இருக்கிறது. ஆடிக்கும் ஆவணிக்கும் கட்டம் காலி. பின்னட்டையின் உள்பக்கம் அப்பா பென்சிலில் உங்கப்பா பெயரை எழுதி, பக்கத்தில் பத்து, பத்து, பத்து, ஏழு என்று போட்டிருக்கிறார்.

மூன்று ரூபாய் இன்னும் பாக்கி மாப்ள. சித்திரைக்கு வா, வாங்கிக்கொண்டு போ.

உன்
காஜாக் கூட்டாளி