புள்ளி குறைந்த இந்த ஆண்டைப் பற்றி மகளுக்கு

கிருஷ்ணகிரி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் பேச்சு சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று வேறு பக்கம் போய்விடும் என்பதால் எழுதியே சொல்ல நினைத்தேன். கூடைப்பந்து அணியில் பயிற்சியாளர் உன்னை, தூரத்திலிருந்து எறிந்து புள்ளி சேர்க்கும் ஷூட்டிங் கார்டு இடத்திலிருந்து, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு இடத்துக்கு மாற்றியதால் உன் புள்ளிகள் குறைந்துவிட்டன என்றாய். அடுத்த பருவத்திலும் இதே இடம்தான் என்றால் தேர்வாளர்கள் கண்ணில் படாமலே போய்விடுவேனோ என்றும் கேட்டாய். நீ அனுப்பிய ஆட்டப் பதிவுகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டேன். போன ஆண்டைவிட இந்த ஆண்டு நீ நல்ல ஆட்டக்காரியாக ஆகியிருக்கிறாய். இந்த இடத்தை விட்டுவிடாதே என்பதுதான் என் பதில்.

உன் பழைய ஆட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆடிக் காற்று பந்தின் திசையையே மாற்றிவிடும் நம் பள்ளி மைதானத்தில், சிமெண்ட் தளத்தில் நின்று எறிந்து பழகிய கை உன்னுடையது. மூன்று புள்ளிக் கோட்டின் 6.75 மீட்டர் தூரம் உனக்கு என்றுமே பயம் தந்ததில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில், பந்து கைக்கு வந்ததும் எறிவதா வேண்டாமா என்ற ஒரே முடிவைத்தான் நீ எடுக்க வேண்டியிருந்தது. பந்தை அதுவரை கொண்டுவந்து சேர்த்தவள் வேறொருத்தி. யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பார்த்துச் சொன்னவளும் அவள்தான். இப்போது அந்தப் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது. பருவத்தின் தொடக்க ஆட்டங்களில் நீ தலையைக் குனிந்து பந்தைத் தட்டிக்கொண்டு, விதி அனுமதிக்கும் 8 விநாடியும் முடியும் தறுவாயில்தான் நடுக்கோட்டைத் தாண்டினாய். ஒரு தாக்குதலுக்குக் கிடைக்கும் 24 விநாடியில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. முதல் முயற்சி தடுக்கப்பட்டால் இரண்டாவது முயற்சிக்கு நேரம் இல்லாமல், யாரோ ஒருத்தி அவசரமாக எறிய வேண்டியதாயிற்று. கடைசி ஆட்டங்களில் நீ நிமிர்ந்த தலையோடு விரைவாகத் தாண்டுகிறாய், தாண்டும்போதே கையைக் காட்டி இடங்களைச் சொல்லிவிடுகிறாய். அதனால் உன் அணிக்கு ஒரே தாக்குதலில் இரண்டு வாய்ப்புகள் கிடைக்கின்றன. மதிப்பெண் தாளில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

பிக் அண்ட் ரோலில் நீ கண்டிருக்கும் முன்னேற்றத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இன்றைய கூடைப்பந்தில் பெரும்பகுதி அதைச் சுற்றியே நடக்கிறது. உயரமான தோழி வந்து, உன்னைத் தடுப்பவளின் வழியை மறித்து நின்று ஸ்க்ரீன் போடும்போது, முன்பெல்லாம் நீ உன்னைத் தடுப்பவளை மட்டும் பார்த்தாய். அவள் ஸ்க்ரீனுக்குக் கீழே நழுவிப் போனால் நின்று எறிவதும், உன்னை ஒட்டியே மேலே துரத்தி வந்தால் உள்ளே புகுவதும் உனக்கு நன்றாகத் தெரியும். இந்த ஆண்டு நீ இரண்டாமவளையும், அதாவது ஸ்க்ரீன் போட்டவளைத் தடுக்க வேண்டியவளையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறாய். அவள் உன்னை நோக்கி ஓரடி எடுத்து வைத்தவுடனே, வளையத்தை நோக்கித் திரும்பி ஓடும் உன் தோழிக்குப் பந்து தரையில் ஒருமுறை தட்டிப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இருவரும் சேர்ந்து உன்னை மடக்க வந்தால், மடக்கி முடிப்பதற்கு முன்பே பந்தை விட்டுவிடுகிறாய். இனி நீ பார்க்க வேண்டியவள் மூன்றாமவள். எதிர்ப் பக்கத்திலிருந்து உதவிக்கு நடுவே நகர்ந்து வருகிறாளே, அவள்தான் தன் ஆளை மூலையில் தனியே விட்டுவிட்டு வருகிறவள். அரையிறுதி ஆட்டத்தின் மூன்றாம் கால் பகுதியில் (குவார்ட்டரில்) ஒரே ஒரு முறை அந்த மூலைக்கு நேராகப் பந்தை அனுப்பினாய். அதை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அது உனக்குத் தற்செயலாக வந்ததா, பார்த்துச் செய்ததா என்று எழுது. பார்த்துச் செய்தாய் என்றால் நீ இந்த இடத்துக்குப் பிறந்தவள் என்றே சொல்வேன்.

தேர்வாளர்கள் புள்ளிகளைத்தான் பார்ப்பார்கள் என்று நீ நினைப்பதில் கொஞ்சம் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. எறிகிறவர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பந்தைப் பாதுகாப்பாக மேலே கொண்டுபோய், நான்கு பேரை ஆட வைத்து, நெருக்கடியில் பந்தை இழக்காமல் இருப்பவளைத் தேடினால்தான் அருமை தெரியும். உன் அணி தோற்ற ஆட்டங்களில் நீ வெளியே உட்கார்ந்த நிமிடங்களில் என்ன நடந்தது என்று நீயே பார். எதிரணி முழு மைதானத்திலும் நெருக்கியது, பந்து நடுக்கோட்டைத் தாண்டுவதே கடினமாயிற்று. அதைப் பயிற்சியாளர் பார்க்கவில்லை என்று நினைக்கிறாயா? பார்த்ததால்தான் அடுத்த பருவத்துக்கும் இதே இடம் என்கிறார்.

2017 இல் பெங்களூர் கண்டீரவா அரங்கில் பெண்கள் ஆசியக் கோப்பையின் பி பிரிவுப் போட்டிகள் நடந்தபோது உன்னை அழைத்துக்கொண்டு போனேனே, நினைவிருக்கும். இந்தியா அந்தப் பிரிவை வென்று ஏ பிரிவுக்கு உயர்ந்தது. நம் மாநிலத்தின் அனிதா பால்துரை 2001 தொடங்கி அந்த 2017 வரை ஒன்பது ஆசியக் கூடைப்பந்து சாம்பியன்ஷிப் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடியவர்; 2021 இல் பத்மஸ்ரீ பெற்றார். பதினாறு ஆண்டுகள் ஒருவரை ஓர் அணி வைத்துக்கொள்கிறது என்றால், ஒவ்வொரு நாளும் அவர் அதிகப் புள்ளி போட்டதனால் மட்டும் அது நடப்பதில்லை. அமெரிக்காவின் சூ பேர்டையும் எண்ணிப் பார். அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் சியாட்டில் அணிக்கு மட்டுமே ஆடி நான்கு முறை பட்டம் வென்றவர். 2004 முதல் டோக்கியோ வரை ஐந்து ஒலிம்பிக் தங்கங்கள். 41 வயதில், 2022 இல்தான் ஓய்வு பெற்றார். அந்த லீக்கின் வரலாற்றில் மிக அதிக அசிஸ்ட்டுகள், அதாவது தோழி புள்ளி போட உதவிய பாஸ்கள், அவருடையவை. வேகம் குறைந்த வயதிலும் அவரை ஆட வைத்தது பாயிண்ட் கார்டாக அவர் சேர்த்து வைத்திருந்த அறிவு. கால் வேகத்தை மட்டும் நம்பி ஆடுகிறவர்களுக்கு முப்பதைத் தாண்டுவதே கடினம் என்பதை எத்தனையோ பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்த உடற்கல்வி ஆசிரியையாக நான் பார்த்திருக்கிறேன்.

இனி குறைகளைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் இடது கை பந்தைத் தட்டுகிறது, ஆனால் பாஸ் கொடுப்பதில்லை. இடப்பக்கம் புகும்போது ஒவ்வொரு முறையும் பந்தை இரண்டு கைக்கும் கொண்டுவந்து, நின்று, பிறகு கொடுக்கிறாய். அந்த ஒரு நொடியில் வழி மூடிவிடுகிறது. எதிரணிகள் இதைக் கண்டுபிடித்துவிட்டன, அதனால்தான் பருவத்தின் பிற்பகுதியில் எல்லோரும் உன்னை இடப்பக்கமே தள்ளினார்கள். தட்டிக்கொண்டிருக்கும் நிலையிலிருந்தே இடது கை ஒன்றால் மூலைக்குப் பந்தை அனுப்பும் பயிற்சியை, சுவரில் குறி வைத்தாவது, நாள்தோறும் செய். அடுத்தது, நின்று வாங்கி எறிவதில் உனக்கு இருக்கும் உறுதி, தட்டி வந்து நின்று எறிவதில் இல்லை. பாயிண்ட் கார்டுக்கு யாரும் பந்தைத் தயாராகக் கொண்டுவந்து கொடுக்கமாட்டார்கள், உனக்கு வேண்டிய எறிதலை நீயேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இந்த வயதில் புதிதாக ஒரு எறிதல் வருமா என்று கேட்காதே. பாயிண்ட் கார்டு ஜேசன் கிட் 1994 இல் அமெரிக்க ஆண்கள் லீக்கான என்.பி.ஏ.வுக்கு வந்தபோது அவருக்குத் தூர எறிதல் வராது என்று எல்லோரும் பேசினார்கள்; 2013 இல் அவர் ஓய்வு பெறும்போது, அந்த லீக்கில் அதுவரை மிக அதிகமாக மூன்று புள்ளி எறிதல்களைப் போட்டவர்களில் மூன்றாம் இடத்தில் இருந்தார்.

கால் பகுதி முடியும் நேரத்தைக் கணக்கிடுவதும் இனி உன் வேலை. 38 விநாடி மிச்சம் இருக்கும்போது பந்து உன் கைக்கு வந்தால், நீ முழு 24 விநாடியும் எடுத்துக்கொண்டால், மிஞ்சும் 14 விநாடியில் கடைசி எறிதல் எதிரணிக்குப் போய்விடும். 30 விநாடி இருக்கும்போதே நல்ல எறிதல் ஒன்றை முடித்துவிட்டால், அவர்கள் முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டாலும் உனக்கு இன்னும் 6 விநாடி மீதி இருக்கும். இறுதிப் போட்டியின் முதல் பாதியில் இதை நீ கவனிக்கவில்லை. தோற்றது இரண்டு புள்ளியில். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எறிகிறவளாக இருந்தவரை கடிகாரத்தைப் பார்க்கும் தேவை உனக்கு இருந்ததில்லை.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உன்னைவிட மூத்த வீராங்கனைகளை அக்கா அக்கா என்று அழைக்கும் பெண் நீ. அது நல்ல பழக்கம், வெளியே அப்படியே இரு. மைதானத்துக்குள் நீ சொன்னால் அவர்கள் நகர வேண்டும். மரியாதை குறைந்துவிடுமோ என்று நீ தயங்கிக் கையை மட்டும் காட்டுகிறாய். பின்னால் நிற்பவளுக்குக் கை தெரியாது, குரல்தான் கேட்கும். பயிற்சிக்குப் பிறகு அவர்களில் மூத்தவரிடம் போய், ஆட்டத்தில் நான் சத்தம் போட்டுச் சொல்வேன், தவறாக எண்ணாதீர்கள் அக்கா என்று ஒருமுறை சொல்லிவிடு. அவர் மகிழ்ச்சியே அடைவார்.

உடம்பு விஷயம். பாயிண்ட் கார்டு அதிக நிமிடங்கள் ஆட வேண்டியவள். திடீரென்று நிற்பதும் திரும்புவதும் அவளுக்கே அதிகம். முழங்காலின் முன் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு அதிகமாக நேர்கிறது. பெரும்பாலும் யாரும் மோதாமலேயே, குதித்து இறங்கும்போதும் திரும்பும்போதும் நேர்கிறது. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டுக்கு, நீ குதித்து இறங்கும்போது இடது முழங்கால் உள்பக்கம் சாய்கிறது. அணியின் பிசியோதெரபிஸ்டிடம் அந்தப் பதிவைக் காட்டி, தொடையின் பின்தசைக்கும் இடுப்புக்கும் உரிய பயிற்சிகளைக் கேட்டு வாங்கு. ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடாக்கும் நேரத்தைக் குறைக்காதே. இரத்தப் பரிசோதனை செய்து ஹீமோகுளோபின் அளவையும் எழுது. நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. நான்காம் கால் பகுதியில் கால் கனப்பதாக நீ சொன்னதை நான் சோர்வு என்று மட்டும் எடுத்துக்கொள்ளமாட்டேன். கேழ்வரகு மாவு அரைத்து வைத்திருக்கிறேன், ஊரிலிருந்து வருகிறவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். விடுதிச் சாப்பாட்டில் களிக்கு வழியில்லை என்றால் காலையில் கூழாகவாவது குடி.

மூன்றுக்கு மூன்று ஆட்டத்துக்கு அழைப்பு வந்திருப்பதாகச் சொன்னாய். போ. அரை மைதானம், ஒரு தாக்குதலுக்கு 12 விநாடி, ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர் உள்ளே இருந்து சொல்லித்தர முடியாது. எல்லா முடிவையும் ஆடுகிறவர்களே எடுக்க வேண்டும். உனக்கு இப்போது வேண்டிய பயிற்சி அதுதான். டோக்கியோவிலிருந்து அது ஒலிம்பிக் ஆட்டமும்கூட. ஆனால் அலுவலகத் துறைத் தேர்வை அதற்காகத் தள்ளிப்போடாதே. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை, ஆட்டம் நின்ற பிறகும் உன்னோடு இருக்கப்போவது. பதவி உயர்வு வாங்கி வைத்துக்கொண்டால் பின்னாளில் பயிற்சியாளராக வேண்டும் என்று நீ எண்ணினாலும் நிம்மதியாகச் செய்யலாம். பெக்கி ஹேமன் 1999 இல் டபிள்யூ.என்.பி.ஏ.வுக்குள் எந்த அணியாலும் தேர்ந்தெடுக்கப்படாமல் நுழைந்த குட்டையான கார்டு. பின்னர் லாஸ் வேகாஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராகி 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்றார். அந்த வழியும் இந்த இடத்திலிருந்துதான் திறக்கிறது.

உறவினர்கள் கல்யாணப் பேச்சை எடுக்கிறார்கள். அவர்களுக்கு நானும் அப்பாவும் பதில் சொல்லிக்கொள்கிறோம், அந்தக் கவலையை நீ பயிற்சிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பயிற்சியாளரைச் சந்திக்கும்போது புள்ளிகளைப் பற்றிப் பேசாதே. எதிரணியின் முழு மைதான நெருக்கடியை உடைக்க எனக்கு இன்னும் என்ன வேண்டும், அடுத்த பருவத்தில் ஆட்டத் திட்டங்களை நானே அழைக்கலாமா என்று கேள். அவர் சொல்வதை எழுதி அனுப்பு. பதிவுகளை அனுப்பும்போது உன் எறிதல்களை மட்டும் வெட்டி அனுப்புவதை நிறுத்திவிட்டு முழு ஆட்டத்தையும் அனுப்பு; நீ உட்கார்ந்திருக்கும் நிமிடங்களில் உனக்குப் பதிலாக இறங்கும் அந்தச் சின்னப் பெண் பந்தை எப்படிக் கொண்டுபோகிறாள் என்பதையும் நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா