மிருதங்கத்துக்கு மைக் வெக்கிறது பத்தி

டேய் மாப்ள,

நல்லா இருக்கியா, அம்மாவுக்கு முட்டிவலி இப்ப எப்படி இருக்கு? இங்க பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிட்டா, காலேஜ் அட்மிஷன் அலைச்சல்லயே நாள் ஓடுது, அதான் நீ அனுப்பின மிருதங்கம் டேக்க நேத்து ராத்திரிதான் ஹெட்போன் போட்டு நிதானமா கேட்டேன். தம்பிக்கு என்னா கைடா! அதனாலதான் மனசு கேக்கல, வலந்தலை (வலது பக்கம்) சத்தம் குழாய்க்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. ஈக்யூல, அதான் ஒவ்வொரு அலைவரிசையையும் தனியா ஏத்தி இறக்கறதுல, எங்க ஏத்தணும்னு கேட்டிருந்த. எங்கயும் ஏத்தாத, மைக்க நகத்து.

உன் ரூம்ல தரை டைல்ஸ், நேரா வர்ற சத்தமும் தரையில பட்டு வர்றதும் மைக்ல சேருது, பாதை 34 செ.மீ. கூடினா சுமார் 1 மில்லிசெகண்ட் லேட்டு, உடனே 500, 1500, 2500 ஹெர்ட்ஸ்னு சத்தத்துல வரிசையா பள்ளம். அங்க ஒண்ண ஒண்ணு அழிச்சிடுது, அப்புறம் ஈக்யூவ ஏத்தினா ஃபேன் இரைச்சல்தான் ஏறும். நடுவுல கருப்பா சாதம்னு ஒரு பூச்சு போட்டிருக்கறதாலதான் வலந்தலையோட ஓவர்டோன்லாம் (மூல நாதத்தோட கூடவே ஒலிக்கற மேல் நாதங்க) சுருதியோட சேந்து நிக்குது, சி.வி.ராமன் 1920லயே நேச்சர் பத்திரிகைல இத எழுதிட்டாரு, அதுல ஒண்ணு பள்ளத்துல விழுந்தா சுருதியே மங்கிடும்டா, அது எனக்குத் தாங்கல. ஜமுக்காளம் விரிச்சா ஹை, அதான் கீச்சு சத்தம், மட்டும்தான் அடங்கும், 500 பக்கம் சரியாகணும்னா மைக்க கிட்ட கொண்டுவா, இல்ல ஆங்கிள மாத்து.

தொப்பிக்கு (இடது பக்கம்) நேர் எதிர். கார்டியாய்ட் மைக்க (முன்பக்க சத்தத்தையே அதிகமா எடுக்கறது) ஒட்டி வெச்சிருக்க, கிட்ட போகப்போக பேஸ் ஏறும், தம்பி வாசிக்கறப்ப ஆடுறாரு, ஒவ்வொரு அடிக்கும் தூரம் மாறுது, ஈக்யூ ஒரே இடத்துல நிக்குது, எப்படி சரியாகும்? ஒரு 25 செ.மீ. தள்ளி வெச்சுப் பாரு. ரெண்டு மைக்கும் சேத்து கேக்கறப்ப ஒண்ணோட போலாரிட்டிய (அலைய தலைகீழா) திருப்பிப் பாரு, எதுல தொப்பியோட கும்கி நாதம் நிறைவா கேக்குதோ அதையே வெச்சுக்கோ.

தம்பி வாசிக்கறப்ப ஒரு காத மூடிட்டு மிருதங்கத்த சுத்தி தலைய நகத்து, எங்க நல்லா கேக்குதோ அங்கதான் முதல்ல மைக். ஈக்யூவே வேணாம்னு சொல்லல, 40 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டு, எங்கயாவது துருத்துனா ஒண்ணு ரெண்டு டெசிபல் குறை, போதும்.

ஞாயித்துக்கிழமை மறுபடி எடுக்கறீங்கல்ல, ஈக்யூ போடாம ரெண்டு ட்ராக்கையும் தனித்தனியா அனுப்பு, மைக் எங்க வெச்சீங்கன்னு ஒரு போட்டோவும். அம்மாவ கேட்டேன்னு சொல்லுடா.