வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்த ஐயாவுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று மாலை மருத்துவர் வந்து, எங்கள் குதிரை நிலாவின் இடக்கண்ணில் சாயத்துளி விட்டுப் பார்த்தார். எங்கும் பச்சை ஒட்டவில்லை. கருவிழிப் புண் ஆறிவிட்டது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் இதை எழுதுகிறோம். நடந்ததெல்லாம் நீங்கள் அறிந்ததுதான், அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். மிச்சம் கிடந்த பழைய கண் மருந்தில் ஸ்டீராய்டு இருக்கிறது, புண் உள்ள கண்ணில் அதை விடவே கூடாது என்று முதல் இரவே தடுத்த மருத்துவர். இரவு 2 மணிக்கு மருந்து விடும் முறைக்குத் தவறாமல் வந்த பிள்ளைகள். ஈ மொய்க்காமல் முகவலை தைத்துக்கொடுத்தவர். லாடம் அடிக்கும் நாள் தள்ளிப்போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பொறுத்துக்கொண்டவர். உங்கள் அனைவருக்கும் கைகூப்பி நன்றி.

ஆனால் இந்த மடல் முக்கியமாகப் புல்கட்டு இறக்க வந்த ஐயாவுக்கு.

ஐயா, அன்று நீங்கள் சொன்னது ஒரே வாக்கியம்: "கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்." பிறகு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, நிலாவுக்கு நேராக இல்லாமல் தோளைச் சற்றே திருப்பி உட்கார்ந்தீர்கள். அதற்கு முந்தின நாட்களில் நான்கு பேர் பிடித்தும் ஒரு சொட்டு மருந்து உள்ளே போகவில்லை. குதிரையின் இமைத்தசை அவ்வளவு வலுவானது. அதைக் கட்டாயப்படுத்திப் பிரித்தால் அழுத்தம் கண்மேல் விழும், ஆழமான புண்ணாக இருந்தால் கருவிழியே கிழிந்துபோகலாம்.

தப்பு எங்கே நடந்தது என்பது உங்கள் கையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அவள் தலையை உதறியதும் நாங்கள் கையை எடுத்துக்கொண்டிருந்தோம். அதில் குதிரை கற்பது ஒன்றுதான்: உதறினால் கை போய்விடும். அடுத்த முறை இன்னும் பலமாக உதறும், நாம் இன்னும் இறுக்கிப் பிடிப்போம். நீங்களோ அவள் உதறும்முன் கையை எடுத்தீர்கள்.

இதே நிலையில் வேறு யாராவது தவித்துக்கொண்டிருக்கலாம், அவர்களுக்காக அதை அப்படியே எழுதிவைக்கிறோம். முதலில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே தோள்பட்டைப் பக்கம் போவது. நெற்றிக்கு நேர் முன்னும் மூக்குக்குக் கீழும் குதிரைக்குத் தெரியாது. நேரே நீட்டிய கை பாதி வழியில் மறைந்து, திடீரென்று முகத்தில் முளைக்கும். மூடிய கண்ணின் பக்கமோ முழுக்க இருட்டு. பிடரி மயிர் முடிகிற இடத்தில் ஒரு மேடு இருக்கிறதே, அதற்குச் சற்று முன்னால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திச் சொறியவேண்டும். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைகிறது என்று 1993-இல் வெளியான ஓர் ஆய்வே உண்டு.

பிறகு புறங்கை, தோலைவிட்டு எடுக்காமல், கழுத்து வழியாக மெல்ல மேலே போகும். எந்த இடத்தில் காது பின்னால் திரும்புகிறதோ, மூச்சு நிற்கிறதோ, தோல் விறைக்கிறதோ, அங்கேயே நிற்கவேண்டும். அதற்குமேல் ஒரு விரல் அகலம்கூடப் போகக்கூடாது. நாம் மூச்சை நீளமாக வெளியே விடவேண்டும். அவள் ஒருமுறை இமைப்பாள், அல்லது தலையைக் கொஞ்சம் தாழ்த்துவாள், அல்லது வாயை மென்று உதட்டை நக்குவாள். அந்த நொடியே கையை எடுத்து ஓரடி பின்வாங்கவேண்டும். இரண்டு மூன்று நொடி தாமதித்தால் அவள் வேறொன்றைச் செய்திருப்பாள், அதற்குத்தான் விடுதலை என்று நினைத்துக்கொள்வாள்.

பத்து நிமிடம், பிறகு ஓய்வு. ஐயா, நீங்கள் அன்று மூன்று சுற்று செய்தீர்கள். மூன்றாவது சுற்றில் உங்கள் கட்டைவிரல் கன்ன எலும்பின்மேல் இருந்தது, அவள் கீழுதடு தொங்கிக்கிடந்தது. மறுநாள் வெறும் மருந்துக் குழாயைக் கண்ணருகே காட்டினோம், பிறகு வெதுவெதுப்பான நீரை இமையோரம் ஒற்றினோம், அதன்பின்தான் மருந்து. இரண்டு மருந்துக்கு இடையே 5 நிமிடம். ஒவ்வொரு முறையும் ஒரு பிடிப் புல், அதுவும் வாளியில்தான். கையிலிருந்து கொடுத்தால் குதிரை கையைத் தேடிக் கடிக்கப் பழகக்கூடும்.

கயிற்றை ஏன் அவிழ்க்கச் சொன்னீர்கள் என்பதும் இப்போது தெரிகிறது. ஓட வழி இல்லாத குதிரைக்கு எதிர்த்துப் போராடுவது ஒன்றுதான் மிச்சம். போக இடம் இருந்தும் அவள் நின்றாள் என்றால், அந்த நிற்றலை நம்பி மருந்து விடலாம். கயிறு தளர்வாகக் கையில் இருக்கட்டும், கையைச் சுற்றி மட்டும் வளைக்கக்கூடாது. இழுத்துக்கொண்டு ஓடினால் விரல் போய்விடும்.

இத்தனைக்கும் நீங்கள் குதிரையை மாற்றவே இல்லை, எங்கள் தாடையைத்தான் மாற்றினீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போகிறவரைக் குதிரை வாசலிலேயே படித்துவிடுகிறது. கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்று கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். பயமும் கோபம் மாதிரியேதான் இறுக்கிப் பிடிக்கும் என்பதை நீங்கள் உட்கார்ந்து காட்டினீர்கள். அவசரம் என்று நாங்கள் பெயர் வைத்திருந்ததில் பாதி, எங்கள் பயம்.

இனி இந்த லாயத்தில் யாரும் கதவருகே நின்று மூன்று மூச்சு நீளமாக விடாமல் உள்ளே போகமாட்டோம். உதட்டை முறுக்கிப் பிடிக்கும் கயிற்றை ஆணியிலிருந்து கழற்றிவிட்டோம். நோய் வரும்வரை காத்திருக்காமல், எல்லாக் குதிரைகளுக்கும் நல்ல நாளிலேயே வெறும் குழாய் காட்டிப் பழக்கத் தொடங்கியிருக்கிறோம்.

ஐயா, வாளி அதே மூலையில் கவிழ்ந்தபடி இருக்கிறது. அடுத்த சுமையோடு வரும்போது அவள் இடப்பக்கமே வாருங்கள், அந்தக் கண் இப்போது உங்களைப் பார்க்கும்.

நன்றியுடன்,
லாயத்தார்