சாப்ளினின் கால்களைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு மதியங்களில் மௌனப் படங்களை ஒளிபரப்புகிறீர்கள். வேறு யாரும் அந்தப் பக்கமே போவதில்லை என்பதால் முதலில் நன்றி. ஆனால் சென்ற வாரம் சாப்ளினின் 'தி ரிங்க்' (1916) பட்ட பாட்டைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அது ஸ்கேட்டிங் படம். ஓட்டலில் பரிமாறுகிற சாப்ளின், இடைவேளையில் காலில் சக்கரங்களை மாட்டிக்கொண்டு அரங்குக்குள் இறங்குகிறார். எரிக் கேம்பல் என்ற ஆஜானுபாகு துரத்த, இவர் வழுக்குகிறார், விழப் போகிறார், விழவில்லை, அவரை விழ வைக்கிறார். வித்தை முழுக்கக் காலில்தான் இருக்கிறது. உங்கள் திரையில் கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை! சாப்ளினை யாரோ தள்ளுவண்டியில் வைத்து உருட்டிப் போவது போலிருந்தது.

4:3 அளவில் (அகலம் 4, உயரம் 3) எடுத்த படத்தை, அதைவிட அகலமான 16:9 திரை முழுக்க நிரப்பினால் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு வெட்டுப்படும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படி வெட்டியதுபோக மிஞ்சிய அடிப்பகுதியில் தங்கம் விலை ஓடியது. ஒருவர் சறுக்கும்போதெல்லாம் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வேறு. சிரிக்க வேண்டிய இடம் எங்களுக்குத் தெரியாதென்று நினைத்தீர்களோ? அதோடு சிரிப்பொலியையும் சேர்த்திருந்தால் நாங்கள் உட்கார வேண்டிய வேலையும் மிச்சமாகியிருக்கும்.

சரி, கேட்க வந்தது ஒன்றுதான். படத்தை வெட்டாமல் முழுதாகக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தால் விழட்டும்.

வரும் ஞாயிறு இன்னொரு மௌனப்பட நகைச்சுவை நடிகரான பஸ்டர் கீட்டனின் 'காலேஜ்' (1927) என்று விளம்பரம் செய்கிறீர்கள். அதனால்தான் இந்த அவசரம். சாகசங்களைத் தானே செய்து பழகிய கீட்டன், கோலூன்றித் தாண்டி ஜன்னலுக்குள் பாயும் காட்சிக்கு மட்டும் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற லீ பார்ன்ஸை வரவழைத்தார். ஒலிம்பிக் வீரர் தாண்டிய உயரத்தை நீங்கள் கத்தரித்துவிடாதீர்கள். தடை ஓட்டத்தில் கீட்டன் தடைகளைத் தட்டிச் சாய்ப்பதும் திரையின் அடியில்தான் நடக்கிறது. அங்கே தங்கம் விலை வேண்டாம்.

வெட்டாத படத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் தயார் செய்ய முடியாதென்றால் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள், காத்திருக்கிறோம். தயவுசெய்து முழுப் படமாகக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிற்றுக்கிழமை நேயர்