ஒல்லிக்கு, மோல்மேனிலிருந்து

அன்புள்ள ஒல்லி,

இத்தனை நாள் கடிதம் போடாதவளுக்கு யோசனை சொல்லும் உரிமை கிடையாதுதான். ஆனால் ரங்கூனில் மூட்டுநோய்க்காரர்கள் தங்கள் உடம்பை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அளக்கப் போகிறாயாம், அதுவும் அந்தப் பத்துக் கேள்வித் தாளை வைத்து. தாடிக்காரர் சொன்னார். இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் கோபமும் சுகம்.

அடியே, அந்தத் தாள் 2001இல் புற்றுநோயாளிகளுக்காக வந்தது. தழும்பைப் பற்றிக் கேட்கும். முடக்குவாதக்காரிக்கு எந்தத் தழும்பு? விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்து, கணு வீங்கி, மோதிரம் ஏறாமல் நிற்பதைக் கேட்காது. ஒன்பது உருவப் படத்தை நீட்டி 'இதில் நீங்கள் எது' என்பதும் வீண். அது பருமனைத்தான் பார்க்கும். ஸ்டீராய்டில் உப்பிய முகம் அதில் தெரியாது. தீக்காயத்துக்கு 1998இல் வந்த 14 கேள்வித் தாள் பரவாயில்லை. தோல் இறுகும் ஸ்க்லெரோடெர்மாவுக்கு அதை 6 கேள்வியாகச் சுருக்கியும் இருக்கிறார்கள்: தோற்றத்தில் அதிருப்தி ஒரு பங்கு, நாலு பேர் நடுவில் கூச்சம் இன்னொரு பங்கு.

எதை எடுத்தாலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 'வெளியே போவதைத் தவிர்க்கிறீர்களா?' 'ஆமாம்.' முழங்கால் வலியாலா, வெட்கத்தாலா? தாள் இரண்டையும் ஒரே எண்ணாக்கிவிடும். உடனே 'வலி இல்லாத நாளில் போவீர்களா' என்று கேள். வலியை 0 முதல் 10 வரை தனியாகக் குறி, ஸ்டீராய்டு அளவையும் எழுது. நம் ஊரில் இன்னொன்று, தனாக்கா, மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசும் அந்தச் சாந்து. லூபஸ் நோயால் முகத்தில் வந்த தடிப்பின் மேல் கெட்டியாக அப்பிக்கொண்டு 'முகத்தில் குறையில்லை' என்பாள். மறைக்க என்ன செய்கிறாள், தனாக்காவா, நீளக் கையா, மோதிரத்தைக் கழற்றி வைப்பதா, அதைத் தனிக் கேள்வியாக வை.

கேள்விகளை இருவர் தனித்தனியே தமிழாக்கட்டும். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திருப்பி ஆங்கிலத்துக்கு மாற்றட்டும். பிறகு நாலைந்து நோயாளிகளை ஒவ்வொரு கேள்விக்கும் என்ன புரிந்தது என்று வாய்விட்டுச் சொல்லவை. பாதிக் கோளாறு அங்கேயே வெளிவரும். இரண்டு வாரம் கழித்து, அதே பதில் வருகிறதா என்று மறுபடி கேட்டுப் பார். இடையில் மருந்தை மாற்றியவர்களை அந்தக் கணக்கில் சேர்க்காதே, மாறியது மனமா உடம்பா என்று தெரியாது. விடியற்காலையில் விறைப்போடு வருபவர்களிடம் அப்போதே கேட்காதே; இரண்டு தடவையும் ஒரே நேரமாக இருக்கட்டும்.

பேனா பிடிக்க முடியாத கைக்கு நீ வாசித்து எழுதினால் வெட்கத்தில் பதில் மாறும், மாமியார் பக்கத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பெரிய வட்டம் வரைந்து, அதில் புளியங்கொட்டையை வைக்கச் சொல், நீ திரும்பி நில். விடுபட்ட கேள்விக்குச் சுழியம் போட்டுத் தொலைக்காதே, 'குறையே இல்லை' என்று ஆகிவிடும்.

உடம்பை மதிக்கும் பக்கத்தையும் அளக்க 2015இல் வந்த பத்துக் கேள்வி இருக்கிறது. அதில் எண் கூடினால் நல்லது, மற்றதில் கூடினால் கெட்டது. ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பாதே.

வரைவைத் தாடிக்காரரிடம் கொடுத்தனுப்பு. வழியில் பஸ்ஸில் அவர் திருத்தாமல் இருந்தால் சரி.

உன்
குண்டு