பினாங்கில் பத்து மணி நேரம்

பீடோங்
செவ்வாய்க்கிழமை இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். மழை பெய்தால் அம்மாவுக்கு முழங்கால் வலிக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை.

குடும்பக் குழுவில் நீ போட்டிருந்ததைப் பார்த்தேன். சிங்கப்பூரில் கப்பல் ஏறி கிள்ளான், பினாங்கு, புக்கெட், மறுபடி சிங்கப்பூர். பினாங்கில் மட்டும் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. "ஒரு நாளில் என்ன பார்க்கலாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தாய். சித்தப்பா பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்தத் துறைமுக வாசலில் பதினான்கு வருடம் டாக்சி போட்டு நின்றவன் உன் அப்பா. என்னிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். போனில் பேசினால் பாதியிலேயே "சாப்பிட்டீர்களா, மழையா" என்று போய்விடுகிறது. அதனால்தான் தபாலில் போடுகிறேன். நீ கப்பல் ஏற இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, வந்து சேர்ந்துவிடும்.

பெருமையாகவும் இருந்தது. உன் தாத்தா ரஜுலா கப்பலில் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தவர். நோய் இருக்கிறதா என்று பார்க்க ஜெரஜாக் தீவில் அடைத்து வைத்திருந்துதான் கரைக்கு விட்டார்கள். அவருடைய பேத்தி நீ, தனி அறை எடுத்துக் கப்பலில் போகிறாய். பக்கத்து வீட்டில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

முதல் காரியம், நேரம். ஆறு மணிக்குக் கப்பல் புறப்படும் என்றால் அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னாலேயே எல்லோரும் உள்ளே இருக்கவேண்டும் என்று போட்டிருப்பார்கள். முதல் நாள் இரவு அறைக்கு வரும் தாளில் இருக்கும். அந்த நேரம்தான் உன் நேரம். கப்பல்காரர்களே ஏற்பாடு செய்த பஸ்ஸில் போனவர்கள் தாமதமானால் கப்பல் நிற்கும். சொந்தமாகச் சுற்றப் போனவர்களுக்காக நிற்காது. அந்தத் தாளிலேயே துறைமுக ஏஜெண்டின் நம்பரும் இருக்கும், கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்.

ஒரு தடவை நான் கண்ணால் பார்த்தேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வயதான தம்பதி. கொடிமலைக்கு, அதாவது பினாங்கு ஹில்லுக்குப் போனவர்கள் மலை ரயிலில் இறங்க வரிசையில் நின்று, அப்புறம் சாலை நெரிசலில் மாட்டி வந்து சேரும்போது கயிறு அவிழ்த்தாகிவிட்டது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே தண்ணீர் ஒரு முழம்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு லாரி அகலம் ஆனது. அந்த அம்மாள் கையை ஆட்டினார். வழியனுப்புகிறார் என்று நினைத்து மேலே நின்றவர்களும் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள். மருந்து, துணிமணி எல்லாம் கப்பல் அறையில். அதனால், இறங்கும்போது ஒரு நாள் மருந்தைக் கைப்பையில் எடுத்துக்கொள். கப்பல் அட்டை, அடையாள அட்டை, கப்பலில் என்ன சொல்கிறார்களோ அதன்படி பாஸ்போர்ட். நேரத்தைப் பார்த்துக்கொள்.

கிள்ளானில் கோலாலம்பூருக்கு ஓடாதே. கப்பல் நிற்பது இண்டா தீவில். அங்கிருந்து இரட்டைக் கோபுரம், பத்துமலை என்று கிளம்பினால் பாதி நாள் சாலையிலேயே போய்விடும். கிள்ளான் டவுனே போதும், தெங்கு கிளானா சாலையில் நம் கடைகள் இருக்கின்றன. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் கடலிலேயே நின்று சின்னப் படகில் ஆட்களை இறக்குவதுண்டு, அதற்கும் வரிசை இருக்கும். அங்கே நம்மைவிட ஒரு மணி நேரம் குறைவு. கைபேசி தானாக மாறிவிடும், கப்பல் மாறியிருக்காது. கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று கேட்டுக் கைக்கடிகாரத்தை அதற்கு வைத்துக்கொள். அந்த இரண்டு ஊரைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் தெரியும்.

பினாங்கு எனக்குத் தெரியும். கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் டவுனை ஒட்டியே நிற்கும், இறங்கினால் நடக்கிற தூரத்தில் எல்லாம் இருக்கிறது. பாதிப் பேர் கப்பலிலேயே வயிறு முட்டப் பசியாறிவிட்டுப் பத்து மணிக்குத்தான் இறங்குவார்கள். நீ எட்டரைக்கே இறங்கிவிடு. வாசலில் "மலைக்கா, கோயிலுக்கா" என்று சூழ்ந்துகொள்வார்கள். நானும் அப்படிச் சூழ்ந்தவன்தான், பிழைப்பு. நீ பதில் சொல்லாமல் நட. மணிக்கூண்டைத் தாண்டினால் பத்து நிமிடத்தில் குயின் தெரு மகாமாரியம்மன் கோயில். 1833இல் கட்டியது, தீவின் மிகப் பழைய இந்துக் கோயில். கும்பிட்டுவிட்டு லிட்டில் இந்தியாவில் பசியாறு. ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் ஓவியத்தின் முன்னால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் கூட்டம் குறைவு. தண்ணீர்மலை முருகன் கோயில் வேண்டாம், 500க்கு மேல் படி, வெயில் ஏறிவிடும். கொடிமலையும் வேண்டாம். அந்த வரிசையைச் சொல்லிவிட்டேன்.

அப்படிப் பார்த்தால் பத்து மணிக்கெல்லாம் டவுன் முடிந்துவிடும். பத்திலிருந்து ஐந்து வரை ஏழு மணி நேரம் கையில் இருக்கும்.

காலையில் தீவிலிருந்து வெளியே வரும் பக்கம் பாலம் லேசாக இருக்கும். சாயங்காலம் அந்தப் பாலத்தை நம்பக்கூடாது. இப்போது ஃபெரியில் காடி ஏற்றுவதில்லை, ஆளும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான். அதனால் திரும்பும்போது காடியை எதிர்க்கரைப் பட்டர்வொர்த்தில் போட்டுவிட்டு ஃபெரியில் கடந்தால் கால் மணி நேரம், அந்தப் பக்கம் இறங்கிக் கப்பலுக்குக் கால் மணி நேர நடை. நெரிசல் என்ற பேச்சே இல்லை. நடுவில் ஒன்றேகால் மணி நேரம் போக, ஒன்றேகால் மணி நேரம் வர. நான்கரை மணி நேரம் மிச்சம். மூன்று என்றே வைத்துக்கொள்.

எங்கே போக, எங்கிருந்து வர என்று நான் எழுதவில்லை. உனக்குத் தெரியும்.

பாப்பா, 2019இல் தீபாவளிக்கு முந்தின வாரம் நீங்கள் இருவரும் வந்தீர்கள். கிரில் கதவில் பூட்டு தொங்கியதைப் பார்த்துத் திரும்பிப் போனீர்கள். அம்மா அன்றைக்குக் குளிம் அத்தை வீட்டில் இருந்தாள். நான் வீட்டில்தான் இருந்தேன். முனையில் காடி திரும்புவதைப் பார்த்ததும் கம்பிக்கு நடுவே கையை வெளியே விட்டுப் பூட்டைப் போட்டேன். அடுப்பில் பருப்பு வைத்திருந்தேன், குக்கர் விசில் அடித்துவிடும் என்று அதையும் அணைத்துவிட்டு அடுப்படியில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். நீ "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டது கேட்டது. சன்னல் கண்ணாடி இடுக்கில் உன் செருப்பு தெரிந்தது. நீ நட்டுவிட்டுப் போன கறிவேப்பிலையில் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தாய். மாப்பிள்ளை வெயிலில் தண்ணீர் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் நின்றீர்கள். எழுந்து வந்து திறக்க எனக்குக் கால் வரவில்லை. லயத்து ஆட்கள் என்ன பேசுவார்கள் என்பதுதான் அன்றைக்கு மனதில் இருந்தது. அந்த ஆட்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை.

கிரில்லில் நீ மாட்டிவிட்டுப் போன பையை எடுத்து அலமாரி மேலே வைத்தேன். அம்மா வந்ததும் அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ தோழி கல்யாணத்துக்குச் சுங்கைப் பட்டாணி வரை வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனதாக யாரோ சொல்ல, அவள் அதை நம்பினாள். நான் நம்பவிட்டேன். நீ அவளிடம் கேட்கவில்லை, அவள் உன்னிடம் கேட்கவில்லை. இத்தனை வருடம் இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன். உன்னைத்தான் பிடிவாதக்காரி என்று பேசிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பையை இறக்கிக் கொடுத்தேன். சேலையை இன்னும் பிரிக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் என்னோடு பேச்சில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

கப்பல் வரும் அன்றைக்குச் சித்தப்பாவின் மைவி காடியை வாங்கி வைத்திருப்பேன். பத்து மணிக்கு மணிக்கூண்டுக்குக் கீழே நிற்பேன். மாப்பிள்ளையை நேரில் பார்த்து நான் பேசவேண்டும், நீ முன்கூட்டி எதையும் சொல்லிவைக்காதே. வர முடியாது என்றாலும் நான் நிற்பேன், நீங்கள் கோயிலிலிருந்து வரும்போது பார்த்துவிட்டுப் போகலாம். பத்துக்கு. நேரத்தைப் பார்த்துக்கொள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். நாரத்தங்காய் ஊறுகாய் ஒரு போத்தல் கொடுத்தனுப்பலாமா என்று கேட்டாள். கப்பலுக்குள் வீட்டுச் சாப்பாடு விடமாட்டார்கள் என்றேன். "அப்படியானால் இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி எழுதுங்கள்" என்றாள்.

அன்புடன்
அப்பா