மருந்து உறையில் இருந்த ‘பாதி’

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற நோன்பு மாதத்தில் ஒரு நாள், அஸருக்குப் பாங்கு சொல்லிச் சிறிது நேரம் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் கூப்பிட்டார். “மிஸ், கொஞ்சம் வாருங்கள். உம்மாவுக்கு ஏதோ செய்கிறது.” நான் ஓய்வுபெற்ற தாதி. திருகோணமலை உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் காய்ச்சல், காயம் என்றால் முதலில் என் படலைதான் தட்டப்படும்.

உம்மா கிண்ணியாவைச் சேர்ந்தவர். நோன்புக்கு மகள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். பாயில் சுவரோடு சாய்ந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்தார். ஆனால் விரல் ஒரே மணியிலேயே நின்றது. நெற்றியும் கழுத்தும் வியர்வையில் நனைந்திருந்தன. பெயரைக் கேட்டேன். தம் பெயருக்குப் பதிலாக மகளின் பெயரைச் சொன்னார். எனக்கும் சீனி வருத்தம் இருப்பதால் வீட்டில் குருதிச் சீனி பார்க்கும் கருவி வைத்திருக்கிறேன். ஓடிப்போய் எடுத்துவந்து விரலில் குத்திப் பார்த்தேன். 46 காட்டியது. 70க்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும்.

“நோன்பு முறிந்துவிடுமே” என்று அந்த நிலையிலும் முணுமுணுத்தார். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்று மகள் காதருகில் சொல்லிச் சொல்லி, மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரை மெதுவாகப் பருக்கினார். கால் மணி நேரத்தில் 78க்கு ஏறியது. அவர் குடித்துவந்த கிளிக்கிளசைட் என்ற மாத்திரையின் வேகம் சீனித் தண்ணீரோடு அடங்கிவிடாது. சீனி மறுபடியும் இறங்கலாம். அதனால் கஞ்சி குடிக்க வைத்து, இரவு பத்து மணிவரை அங்கேயே இருந்து இன்னும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

நான் எழுத வந்தது இதற்குப் பிறகு பார்த்த ஒன்றைப் பற்றி. மாத்திரை உறையைக் கொண்டுவரச் சொன்னேன். மகன் தொழில் பார்க்கும் வேறொரு மாவட்டத்தில், கிளினிக் ஒன்றில் கொடுத்த சின்னக் கடதாசி உறை. நீலப் பேனையால் எழுதியிருந்தது. எண்ணாக இருந்தது ‘1’ மட்டும். அது இரவு மாத்திரை. விடியற்காலை மாத்திரைக்கு எண் இல்லை. சிங்களத்தில் ஒரு சொல்தான் இருந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். அந்தச் சொல்லின் பொருள் ‘பாதி’.

அந்த வைத்தியர் பெரிய காரியம் செய்திருக்கிறார். இந்த அம்மா நோன்பு பிடிப்பார் என்பதைக் கேட்டறிந்து, சஹருக்கு எடுக்கும் மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். படித்தவர்கள் செய்யச் சொல்வதும் இதைத்தான். 2001ஆம் ஆண்டு நோன்பு காலத்தில் 13 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் நடத்திய ஆய்வொன்றில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குக் குருதிச் சீனி கடுமையாக இறங்குவது மற்றைய மாதங்களைவிட ஏழரை மடங்கு கூடியிருந்தது தெரியவந்தது. முன்கூட்டியே பேசி மாத்திரையின் அளவை மாற்ற வேண்டும் என்ற அறிவுரை இப்படியான ஆய்வுகளால்தான் வலுப்பெற்றது. அந்த அறிவு நம் நாட்டின் ஒரு கிளினிக்வரை வந்து, ஒரு வைத்தியரின் பேனைவரை வந்து, கடைசி ஒரு சாணில் விழுந்துவிட்டது. கிளினிக்கில் மொழிபெயர்த்தவன் 14 வயதுப் பேரன். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கும் கெட்டிக்காரப் பையன். “அதே மாத்திரைதான் உம்மும்மா, விடாமல் குடிக்கச் சொல்கிறார்” என்று சொல்லியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பாட்டியின் உயிரை ஒரு பிள்ளையின் இரண்டாம் மொழிப் பாடத்தில் தொங்கவிட்டது பெரியவர்களாகிய நாங்கள்தான்.

மறுநாள் உறையின் மேல் ஒரு வட்டம் வரைந்து, அதில் பாதியைக் கறுப்பாக்கிக் கொடுத்தேன். சூரியன் உதிப்பதுபோல ஒரு படமும் பக்கத்தில் வரைந்தேன். எடுத்த நேரம் இரண்டு நிமிடம் இராது.

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று பல நாள் யோசித்தேன். ஏனென்றால் இதே பிழையை நானும் செய்திருக்கிறேன்.

1984இல் பயிற்சிக்குச் சேர்ந்து 2022இல் ஓய்வுபெற்றேன். 1996இல் பிள்ளைகள் வாட்டில் வேலை. கந்தளாய்ப் பக்கமிருந்து ஒரு சிங்களத் தாய், எட்டு மாதக் குழந்தையை வயிற்றோட்டத்துக்காகக் கொண்டுவந்திருந்தார். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது ஜீவனி என்ற, தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புத்தூள் பக்கெற்றுகளைக் கொடுத்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், ஒரு பக்கெற்றை ஒரு போத்தல் தண்ணீரில் கரையுங்கள் என்றேன். போத்தல் என்ற சொல் தமிழிலும் சிங்களத்திலும் ஒன்றுதான். அதனால் விளங்கியிருக்கும் என்று நம்பினேன். என் மனத்தில் இருந்தது வாட்டு மேசையிலிருந்த ஒரு லீற்றர்ப் போத்தல். எட்டு மாதக் குழந்தையின் தாய்க்குப் போத்தல் என்றால் என்ன? பால் போத்தல். ஒரு லீற்றருக்கான உப்பை அந்தச் சின்னப் போத்தலில் கரைத்துப் பருக்கியிருக்கிறார்.

இரண்டாம் நாள் குழந்தை திரும்பி வந்தது. கீச்சென்ற அழுகை. வாய் வறண்டு, கண்கள் உள்ளே போய், வயிற்றுத் தோலைக் கிள்ளினால் பிசைந்த மாவைத் தொடுவதுபோல இருந்தது. உடம்பில் உப்பு ஏறிவிட்டது. அதை அவசரப்பட்டு இறக்கவும் கூடாது. இறக்கினால் மூளை வீங்கும். இரண்டு நாள், சொட்டுச் சொட்டாக. குழந்தை தப்பியது. கொப்பியில் எழுதப்பட்ட வரி எனக்கு மனப்பாடம்: ‘தாய் கலவையைப் பிழையாகத் தயாரித்துள்ளார்.’ எந்த மொழியில், யார், எப்படி விளக்கினார்கள் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்தப் பழியை அந்தத் தாய் தன் ஊருக்குச் சுமந்துகொண்டு போனார்.

அதன் பிறகு 26 ஆண்டுகள், யாரை வீட்டுக்கு அனுப்பினாலும், “நான் சொன்னதை இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்” என்று கேட்காமல் அனுப்பியதில்லை. பாத்திரத்தையும் காட்டச் சொல்வேன்.

2003இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில், ஸ்பானிய மொழி பேசும் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்த ஒரு கிளினிக்கில் 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். ஒரு சந்திப்புக்குச் சராசரி 31 மொழிபெயர்ப்புத் தவறுகள். அவற்றில் 63 வீதம் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. வைத்தியசாலையின் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வீட்டாரோ வேறு யாரோ இடையில் நின்று மொழிபெயர்த்தபோது ஆபத்தான தவறுகளின் பங்கு இன்னும் கூடியது. அந்தப் பேரனின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. 2007இல் வெளியான இன்னோர் ஆய்வில் அங்கே ஆறு வைத்தியசாலைகளில் நடந்த விபரீதங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆங்கிலம் சரிவரத் தெரியாத நோயாளிகளுக்கு நேர்ந்தவற்றில் 49 வீதம் உடலுக்குத் தீங்கு விளைவித்திருந்தன. ஆங்கிலம் பேசுவோரிடையே அது 30 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கைப் போட முடிந்ததற்குக் காரணம் ஒன்றே: விபரீதத்தோடு நோயாளியின் மொழியும் அங்கே தெரிந்திருந்தது. நான் வேலைக் காலத்தில் நிரப்பிய எந்தப் படிவத்திலும் அப்படி ஒரு கட்டத்தைக் கண்டதில்லை.

திருகோணமலையைவிட இந்தக் கணக்குத் தேவைப்படும் மாவட்டம் வேறு எது? 2012 குடிசன மதிப்பீட்டின்படி இங்கே முஸ்லிம்கள் 40 வீதத்துக்கு மேல், தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் கால்வாசிக்குச் சற்று மேல். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து ‘பாதை’ என்ற மிதவையில் ஏறிக் கடந்து வந்த நோயாளிகளைப் பார்த்தவள் நான். இப்போது பாலம் வந்துவிட்டது. ஆனால் மருந்து கொடுக்கும் யன்னலுக்கும் நோயாளிக்கும் நடுவிலுள்ள தூரம் அப்படியே கிடக்கிறது. தமிழ் பேசுவோருக்குச் சிங்கள உறை, சிங்களவருக்குத் தமிழ் விளக்கம், இரண்டும் இங்கே நடக்கிறது. யார் கூடப் பாதிக்கப்பட்டார்கள் என்று வாதாட நான் இதை எழுதவில்லை.

இன வேறுபாடு என்றதும் இரத்தத்தைப் பற்றித்தான் பலர் நினைக்கிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் சிலருக்குத் தோலையே உரித்துவிடும். 2004இல் வெளியான தாய்வான் ஆய்வொன்றில் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைச் சோதித்தபோது, 44 பேரிடமும் ஒரே மரபணு வகை இருந்தது. ஆனால் அது சீன வம்சாவளியினரிடம் கண்டது. ‘ஆசியர்’ என்று ஒரே பெயரில் தாய்வான்காரரையும் மூதூர்க்காரரையும் கட்டிவிட்டால் மருத்துவம் ஆகாது. அமெரிக்காவில் சிறுநீரகத்தின் வேலையைக் கணக்கிடும் சூத்திரத்தில் கறுப்பினத்தவருக்கென்று ஒரு பெருக்கம் வைத்திருந்தார்கள். 2021இல் அதை நீக்கிப் புதிய சூத்திரம் வெளியிட்டார்கள். நம் மாவட்டத்து மூன்று சமூகங்களிடையே நான் வாட்டில் கண்ட வேறுபாடுகள் நாவிலும் நோன்பிலும், கூலி நாளை இழந்து வர வேண்டிய தூரத்திலும்தான் கூட இருந்தன.

தோல் நிறம் வேறு விஷயம். அது மூன்று சமூகத்துக்கும் பொது. பயிற்சிக் காலத்தில் நாங்கள் படித்த புத்தகங்களில் ஒக்சிசன் குறைந்தவரின் படம் என்றால் நீலம் பாய்ந்த வெள்ளை முகம். வாட்டில் அப்படி ஒரு முகத்தை நான் கண்டதே இல்லை. எங்கள் வாட்டு சிஸ்டர், மூச்சிரைத்த ஒரு மீனவரின் கீழுதட்டை விரலால் விலக்கி, “இங்கே பார், நாக்கைப் பார், முகத்தில் தேடாதே” என்று கற்றுத்தந்தார். எந்தப் புத்தகத்திலும் எனக்கு அது கிடைக்கவில்லை. கொரோனாக் காலத்தில் எல்லோரும் ஒக்சிசன் அளக்க விரலில் மாட்டும் கருவியை நம்பியிருந்தபோது, 2020 டிசம்பரில் மிச்சிகன் ஆய்வாளர்கள் ஒன்றை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளையில் குருதியை நேரடியாகச் சோதித்தால், கறுப்பின நோயாளிகளில் ஏறத்தாழ 12 வீதமானோருக்கு உண்மை அளவு 88க்கும் கீழே. வெள்ளையரில் அது 4 வீதத்துக்கும் குறைவு. ஒளியை ஊடுருவவிட்டு அளக்கும் கருவி. தோலின் கருமை அந்த ஒளியில் குறுக்கிடுகிறது. நாள் முழுதும் வெயிலில் நிற்கும் திருக்கடலூர் மீனவரின் விரலில் அது எவ்வளவு பிசகுகிறது என்பதை இங்கேயே அளந்து பார்க்க வேண்டும். அதே 2020இல் இலண்டனில் மலோன் முகுவெண்டே என்ற மருத்துவ மாணவர், கறுப்பு, மண்ணிறத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு கைநூல் வெளியிட்டார். படிக்கும் பிள்ளை ஒருவரே குறையைக் கண்டு தொடங்கிய வேலை அது.

நமக்கும் இப்படியொரு முன்னோடி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார். நோயாளியின் மொழியில் படித்தவனால்தான் நோயாளியிடம் பேச முடியும் என்பது அவருக்கு அப்போதே விளங்கியிருந்தது.

கிழக்கு மாகாண சுகாதார அதிகாரிகளிடம் நான் கேட்பது சிறிய விடயம். மருந்தால் ஏதும் பிழை நேர்ந்து அறிக்கை எழுதும்போது, நோயாளி பேசும் மொழி எது, விளக்கம் எந்த மொழியில், யார் மூலம் கொடுக்கப்பட்டது என்று இரண்டு வரி சேருங்கள். ஓராண்டுக் கொப்பிகளைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்துப் பிள்ளைகளிடம், பெயர்களை மறைத்துக் கொடுங்கள். அவர்கள் எண்ணட்டும். வருவதை வைத்துத் தாதியருக்கும் மருந்தாளர்களுக்கும் பாடம் அமையட்டும். அதுவரைக்கும் மருந்து உறையில் அளவைச் சொல்லாக எழுதாமல் எண்ணாக எழுதுங்கள். பாதி என்றால் பாதி வட்டம் வரையுங்கள். இங்கே கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். கஷாயத்தையும் சீனி மாத்திரையையும் ஒன்றாகக் குடித்துவிட்டு இரு பக்கமும் சொல்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

தாதிய மாணவர்களுக்கு இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச யாராவது அழைத்தால் பஸ் ஏறி வருகிறேன். செவ்வாய்க்கிழமை எனக்குக் கிளினிக். மற்ற எந்த நாளென்றாலும் சரி. உம்மாவின் அந்த உறையை மகளிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு பால் போத்தலையும், ஒரு லீற்றர்ப் போத்தலையும் கூடவே எடுத்துவருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
உவர்மலை, திருகோணமலை.